ஓட்டைக்கை அருக்காணியின் மகள்

“கை நடுங்கிக் கொட்டிவிட்டது” என்று ஒரு வாக்கியம். காவேரி டீச்சரிடம் எஸ்டேட் நிர்வாகம் கேட்டது அவ்வளவுதான். வகுப்புப் பிள்ளைகளின் முன்னால் அதைச் சொல்லியிருந்தால் அவளுடைய வேலை நிலைத்திருக்கும். தாயோடு குடியிருந்த, எஸ்டேட் கூலிகளுக்கான லைன் வீடும் நிலைத்திருக்கும். அவள் சொல்லவில்லை.

காவேரி பிறந்தது ஏற்காட்டு மலையில், கொட்டச்சேட்டு ஊருக்கு மேலே இருந்த ஒரு காப்பி எஸ்டேட்டில். தாய் அருக்காணி, சமவெளியில் மழை பொய்த்த ஒரு வருஷம் அடிவாரத்திலிருந்து கால்நடையாக மலையேறி வந்தவள். புருஷன் காய்ச்சலில் போன பிறகும் கீழே திரும்பாமல், காப்பிப் பழம் பறித்தே மகளை வளர்த்தாள். அருக்காணி என்று கேட்டால் லைனில் பாதிப் பேர் யோசிப்பார்கள். ஓட்டைக்கை என்று கேட்டால் குழந்தைகூட வீட்டைக் காட்டும்.

அது அளவு மேடையில் விழுந்த பெயர். அந்த எஸ்டேட்டில் காப்பிப் பழத்தை நிறுப்பதில்லை. மரப் பெட்டியால் அளப்பார்கள். எடுத்து வந்த பழத்தைப் பெண்கள் பெட்டியின் விளிம்பு மட்டத்துக்குக் கொட்ட வேண்டும். கங்காணி சென்றாயன் பெட்டியை இருபுறமும் பிடித்துத் தூக்கி, தரையில் தட்டிக் குலுக்குவார். பழம் இறங்கும். இறங்கிய பள்ளத்தை மேலும் பழம் போட்டு நிரப்பினால்தான் அது ஒரு பெட்டியாகக் கூலியில் ஏறும். குலுக்கல் எல்லாருக்கும் உண்டு. ஆனால் அருக்காணியின் பெட்டி மட்டும் மற்றவர்களுடையதைவிட ஆழமாக இறங்கும்.

“உனக்குக் கையில ஓட்டையா, மடியில ஓட்டையா?” என்பார் சென்றாயன். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். பழத்தைக் குறைத்துக் கொட்டி ஏமாற்றப் பார்க்கிறாள் என்று சிலர் முணுமுணுப்பார்கள். அருக்காணி சாக்குப் பையின் தையலைப் பிரித்து மறுபடி தைத்துப் பார்த்தாள். வழியில் சிந்துகிறதோ என்று வந்த தடத்திலேயே குனிந்து திரும்பி நடந்து பார்த்தாள். ஒன்றும் அகப்படாமல், கடைசியில் தன் கைராசி அப்படித்தான் என்று ஒப்புக்கொண்டாள்.

மகளின் கைராசி வேறு மாதிரி இருக்கட்டும் என்று, ஏற்காட்டில் கிறிஸ்தவக் கன்னியர் நடத்திய ஒரு பள்ளியில், கூட்டிப் பெருக்குவதற்கு ஈடாகப் படிப்பு என்ற ஏற்பாட்டில் சேர்த்துவிட்டாள். காவேரி பெருக்கியதைவிட அதிகமாகப் படித்தாள். சேலத்தில் ஆசிரியப் பயிற்சியும் முடித்தாள். எஸ்டேட் தன் பழைய பழக் கிடங்கைப் பள்ளிக்கூடமாக மாற்றியபோது, அங்கே டீச்சராகத் திரும்பி வந்தாள். அப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடம், “பள்ளிக்கூடத்துக்கு மணி அடிச்சுப்போச்சுங்க” என்று எழுந்துவிடுவாள். மணி அடிப்பவளும் அவள்தான்.

பள்ளியை நிர்வாகத்தின் சார்பில் கவனித்தவர் எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் பொன்னுவேல். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. எஸ்டேட்டின் வெள்ளைக்காரத் துரை முகம் சுளிப்பதற்கு முன்பே பயந்துகொள்ளப் பழகிய மனிதர். டீச்சரை அவர் நீ என்றே அழைத்தார். அவள் பிறந்த லைன் வீடு எது என்று அவருக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழு அக்டோபரில் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. சாராயக் கடைகள் மூடப்பட்டன. அதற்குப் பின் தொடங்கிய பழக் காலத்தில்தான், பொருள்கள் ஒன்றோடொன்று கலப்பதைப் பற்றிய பாடத்துக்குக் காவேரி வந்து சேர்ந்தாள். பொன்னுவேலின் சம்மதத்தோடு எஸ்டேட் மருந்தகத்தில் புண் கழுவ வைத்திருந்த ஸ்பிரிட் கொஞ்சம் கேட்டாள். கம்பவுண்டர் மாதப்பன் சீசாவை இரண்டு கையாலும் நீட்டினான்.

“பத்தரமா வெச்சுக்குங் டீச்சர். இப்பெல்லாம் எங்க மாமன் புண்ணே இல்லாம வந்து இந்தச் சீசாவக் கும்புட்டுப் போறாரு.”

வகுப்பில் காவேரி கோடு போட்ட கண்ணாடிக் குழாய்களை மேசைமேல் வரிசையாக வைத்தாள். முதலில் ஐம்பதாம் கோடு வரை தண்ணீர். இன்னொரு குழாயில் அதே ஐம்பது தண்ணீர். இரண்டையும் பெரிய குழாயில் ஊற்றினாள். மட்டம் நூறாம் கோட்டில் நின்றது. பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பிறகு ஐம்பது ஸ்பிரிட்டும் ஐம்பது தண்ணீரும் ஊற்றிக் கண்ணாடிக் கோலால் கலக்கினாள். மட்டம் நூறைத் தொடவில்லை. அதற்கு மூன்று கோடு கீழேயே நின்றுவிட்டது.

“டீச்சருங், கொட்டிப்போச்சுங்!” என்று முன்வரிசையில் ஒருவன் குதித்தான்.

“மேசையத் தொட்டுப் பாரு சாமி.”

“காஞ்சுதானுங் கெடக்குது.”

“அப்ப டீச்சர் குடிச்சுப்போட்டாங்க!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கூரை அதிரச் சிரிப்பு.

“ஊதிக் காட்டட்டுமா?” என்று காவேரியும் சிரித்தாள். “வந்து குழாயைத் தொடுங்க.”

தொட்டவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். அடுப்பே இல்லாமல் கண்ணாடி வெதுவெதுத்திருந்தது. அவர்களுடைய நம்பிக்கையின்மை காவேரிக்குப் பிடித்திருந்தது. லைன் பிள்ளைகளுக்கு அளவு குறைந்தால் யாரோ எடுத்தார்கள் என்றுதான் பொருள். அதனால் அவர்கள் கையாலேயே மறுபடி அளக்கச் சொன்னாள். மறுபடியும் குறைந்தது.

காளியாயி என்ற பெண் எழுந்தாள். மஞ்சக்குட்டைப் பக்கம் சொந்தமுள்ள, மலையின் பூர்வகுடியான மலைக்கார வீட்டுப் பெண். பழக் காலத்தில் அவளுடைய தாய் அத்தாயியும் எஸ்டேட்டுக்குப் பழம் எடுக்க வருவாள்.

“ஏனுங் டீச்சர், நாங்க பாக்காதப்ப நீங்க குலுக்குனீங்களா?”

“குலுக்கலியே கண்ணு. எதுக்குக் கேக்கற?”

“குலுக்குனாத்தானுங்களே பெட்டி கொறையும்?”

மொச்சையும் சாமையும் கொண்டு விளக்கலாம் என்று காவேரி இரண்டு கிண்ணங்களை ஆயத்தமாக வைத்திருந்தாள். ஒரு கிண்ணம் மொச்சையில் ஒரு கிண்ணம் சாமையைக் கலந்தால் இரண்டு கிண்ணம் வராது. சாமை, மொச்சையின் சந்துகளில் புகுந்துகொள்ளும். அதைச் செய்துகாட்டினாள். தண்ணீரின் துகளும் ஸ்பிரிட்டின் துகளும் அதைவிட ஒரு படி மேலே போய் ஒன்றையொன்று நெருக்கமாக இழுத்துக்கொள்கின்றன, அந்த நெருக்கத்தில்தான் சூடு பிறக்கிறது என்றாள்.

“பெட்டியில பழம் எறங்குதே, அதுவும் அப்படியா இழுத்துக்குது?” காளியாயி விடவில்லை.

“இல்ல. ஸ்பிரிட் தானா எறங்குது. பழத்தைக் கை எறக்குது.”

சொன்ன பிறகுதான் காவேரிக்கு உறைத்தது. தன் தாய் பழம் கொட்டும் விதம் கண்முன் வந்தது. மற்றவர்கள் சாக்கைத் தோளிலிருந்தே கவிழ்ப்பார்கள். விழுகிற வேகத்தில் பழம் இறுகி உட்காரும். அருக்காணி பெட்டிக்குப் பக்கத்தில் குந்தி, பழுத்தது நசுங்கக் கூடாதென்று அள்ளி அள்ளி மெதுவாக இறக்குவாள். பழத்துக்குப் பழம் சந்து விழும். சந்து அதிகமானால் குலுக்கலில் இறக்கமும் அதிகம். எஸ்டேட்டின் பழத்தை எல்லாரையும்விடப் பதனமாகக் கையாண்டவளுக்குத்தான் ஏமாற்றுக்காரி என்று பெயர். காவேரி கையிலிருந்த கிண்ணத்தை மேசைமேல் வைத்தாள். பாடம் அன்றைக்கு அத்தோடு நின்றது.

மறுநாள் அளவு மேடையில் சென்றாயன் அத்தாயியின் பெட்டியைக் குலுக்கக் குனிந்தபோது, அதன் விளிம்பில் காளியாயியின் சின்னக் கை இருந்தது.

“கைய எடு புள்ள.”

“மாட்டனுங். பழத்துல ஒண்ணும் கொறையில. நீங்கதான் எறக்கறீங்க. டீச்சர் கண்ணாடிக் குழாயில காட்டுனாங்க.”

சென்றாயன் அவள் கையைத் தட்டிவிட்டார். ஆனால் சொன்ன சொல்லைத் தட்டிவிட முடியவில்லை. அன்று மாலைக்குள் அது எல்லா லைனுக்கும் போய்விட்டது. பொன்னுவேலின் மேசைக்கும் போய்விட்டது.

“பள்ளிக்கூடத்துல சாராயம் வெச்சிருக்கியாமா?” என்று தொடங்கினார் பொன்னுவேல். சீசா ஏற்கெனவே அவருடைய அலமாரிக்குள் பூட்டப்பட்டிருந்தது.

“ஸ்பிரிட்டுங்க. மாதப்பங்கிட்ட வாங்கிக்கன்னு நீங்கதான் சொன்னீங்க.”

“அப்பச் சொன்னது அப்ப. ஜில்லாவே மதுவிலக்குல நிக்குது. பொம்பள ஒருத்தி பச்சப் புள்ளைங்க முன்னால சாராயத்துல தண்ணி கலக்கறான்னு கீழ தெரிஞ்சா எஸ்டேட் பேரு என்னாகும்?”

“சாராயக் கடைக்காரன் இத்தன வருஷமாக் கலந்தானுங்க. ஒருத்தரும் கேக்கலீங்களே.”

பொன்னுவேல் பேனாவை மூடினார். “அந்தப் பொட்டப்புள்ள கங்காணி பெட்டியில கை வெச்சுதாமா. நீ சொல்லிக் குடுத்தியா?”

“நான் பாடம் சொன்னனுங்க. கை அவளுது.”

அவர் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஏறக்குறைய அன்பாகவே பேசினார். துரை சனிக்கிழமை பள்ளிக்கு வருகிறார். பிள்ளைகளின் முன்னால் டீச்சர் ஒன்றே ஒன்று சொன்னால் போதும்: அன்றைக்கு மட்டம் குறைந்தது கை நடுங்கிக் கொட்டியதால்தான், வேறு ஒன்றும் இல்லை. “புள்ளைங்க அதையும் போய் ஊட்டுல சொல்லும். பேச்சு அடங்கிப்போகும். இல்லீன்னா சீசா விஷயத்த நான் மேல சொல்லித்தான் ஆகோணும். அப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்துலயும் உன்னைச் சேக்க மாட்டாங்க.”

அன்று இரவுச் சாப்பாட்டில் அருக்காணி களியைப் பிட்டு வைத்தவள், தன் தட்டைத் தொடவே இல்லை. சேதி அவளுக்கும் வந்திருந்தது.

“சொல்லிப்போடு கண்ணு. கொட்டிப்போச்சுன்னா கொட்டிப்போச்சு. வாயில இருந்து வர்ற காத்துதான?”

“கொட்டலியே அம்மா.”

“உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அது போதாதா? ஊட்டை விட்டு வெளிய போன்னா இந்தக் குளுருல எங்க போயி நிக்கறது?”

காவேரி கையைக் கழுவிக்கொண்டு தாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “உன்னை எதுக்கு ஓட்டைக்கைங்கறாங்கன்னு எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது” என்று, மொச்சையையும் சாமையையும் சொன்னாள். தோளிலிருந்து கவிழ்ப்பதையும் குந்தி அள்ளி இறக்குவதையும் சொன்னாள். அருக்காணி கேட்டு முடித்ததும், விளக்கு வெளிச்சத்தில் தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள். காப்பிப் பழத்தின் கறை ரேகைகளில் கறுத்துக் கிடந்தது.

“அப்ப என்ற கையில ஒண்ணுமில்லியா?”

“ஒண்ணுமில்ல. நான் கொட்டிப்போச்சுன்னு சொன்னா, உன்ற கையில ஓட்டை இருக்குதுன்னு நானே சொன்ன மாதிரி.”

அருக்காணி களித்தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள். சொல்லிப்போடு என்று மறுபடி சொல்லவில்லை.

சனிக்கிழமை நண்பகலில் துரை வந்து, பிள்ளைகளின் பலகையிலேயே உட்கார்ந்தார். வேலை வாங்கும் அளவுக்கு அவருக்குத் தமிழ் தெரியும். பொன்னுவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, “டீச்சர் உங்களுக்கு ஒண்ணு சொல்லோணுமாம்” என்றார்.

காவேரி மேசைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“அன்னைக்கு நான் ஒரு சொட்டும் கொட்டல, கண்ணுகளா. யாரும் குடிக்கவும் இல்ல. ஸ்பிரிட்டும் தண்ணியும் கலந்தாக் கொறையும். நாளைக்குக் கலந்தாலும் கொறையும். ரைட்டருங்க சீசாவக் குடுத்தா இப்பவே கலந்து காட்டறேன்.”

“சீசா கெடைக்காது” என்றார் பொன்னுவேல். முகம் வெளுத்திருந்தது.

“அப்பச் சீசா வேண்டாமுங்க. மதுவிலக்கு இல்லாத சாமான் வெளிய மலையாக் கெடக்குது.” பிள்ளைகளைப் பார்த்தாள். “எந்திரிச்சு வாங்க எல்லாரும்.”

பள்ளிக்கும் அளவு மேடைக்கும் நடுவில் ஒரு சரிவுதான். காலையில் எடுத்த பழத்தோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். பிள்ளைகள் மேடையைச் சுற்றிக்கொண்டார்கள். பின்னால் துரையும் வந்தார், கோபத்தைவிட ஆவல் அதிகமாக. வரிசையில் அருக்காணியின் முறைக்குக் காவேரி காத்திருந்தாள்.

“எப்பவும் போலக் கொட்டும்மா.”

அருக்காணி குந்தினாள், அள்ளி அள்ளி இறக்கினாள். விளிம்புக்கு நேராக வந்ததும் நிறுத்தினாள்.

“கங்காணி, இப்ப உங்க வேலையச் செய்யுங்க.”

சென்றாயன் பொன்னுவேலைப் பார்த்தார். பொன்னுவேல் தரையைப் பார்த்தார். “குலுக்கு” என்றார் துரை. பெட்டி எழுந்து தரையில் தட்டிற்று. பழம் மூன்று விரல் அகலத்துக்கு இறங்கிற்று.

“பழம் கீழ சிந்திருக்குதா?”

“இல்லீங்!” என்றது பிள்ளைக் கூட்டம்.

“யாராச்சும் எடுத்தாங்களா?”

“இல்லீங்!”

காவேரி அந்தப் பழம் முழுவதையும் ஒரு கூடையில் கவிழ்த்தாள். ஒரு பழமும் சேர்க்காமல், ஒரு பழமும் எடுக்காமல், அதையே திரும்பப் பெட்டியில் கொட்டும்படி தாயிடம் சொன்னாள். அருக்காணி மறுபடி குந்தி அள்ளி இறக்கினாள். பழம் மறுபடியும் விளிம்புக்கு நேராக வந்து நின்றது. வரிசையில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பழம் அரைக்கும் இயந்திரத்துக்குத் திறந்துவிட்ட தண்ணீர் பக்கத்து வாய்க்காலில் ஓடிக்கொண்டிருந்தது.

துரை பொன்னுவேலிடம் ஆங்கிலத்தில் ஏதோ சுருக்கமாகச் சொல்லிவிட்டு, வந்த சரிவிலேயே ஏறிப் போனார். பொன்னுவேல் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

“பெட்டி நெறையோணும், அதுதான் எஸ்டேட் சட்டம்னு துரை சொல்றாரு. உனக்கு இன்னையோட வேல இல்ல.”

“பெட்டி நெறஞ்சுதானுங்க இருக்குது. அவரே கண்ணால பாத்துட்டுத்தான் போறாரு.”

சென்றாயனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. டீச்சரின் கதை முடிந்துவிட்டது. இனி மேடை அவருடையது. பெட்டியைக் குலுக்கக் குனிந்தார். இரண்டு கருத்த உள்ளங்கைகள் பழத்தின்மேல் விரிந்து கிடந்தன.

“கைய எடு அருக்காணி.”

“எடுக்க மாட்டன்.”

“ஓட்டைக்கைய வெச்சா என்னையத் தடுக்கற?”

“ஓட்டை இருந்தா அதுக்குள்ளாற பூந்து போ, பாக்கலாம்.”

முதலில் சிரித்தவள் அத்தாயி. பிறகு வரிசை முழுவதும் சிரித்தது. சிரித்துக்கொண்டே ஒவ்வொருத்தியும் தன் சாக்கை இறக்கி, அதன் கட்டை அவிழ்க்காமலே மேலே கை வைத்து நின்றுவிட்டாள். எடுத்த பழத்தை அன்றே அரைக்காவிட்டால் புளித்துப்போகும். புளித்த காப்பியை எவனும் வாங்க மாட்டான். அது பெண்களுக்குத் தெரியும். பொன்னுவேலுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். வெயில் சாக்குகளின்மேல் அடித்தது. வாய்க்கால் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. துரை போன சரிவைப் பொன்னுவேல் ஒருமுறை பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

“அளந்து தொலையுங்க” என்றார்.

“குலுக்கியா, குலுக்காமயா?” என்றாள் அருக்காணி.

“குலுக்காம.”

லைன் வீட்டை உடனே காலி செய்யச் சொன்னார்கள். சாமான் கட்டுவதற்கு உதவ வந்த அத்தாயி, “மஞ்சக்குட்டையில எங்க அண்ணன் தானியம் போட்டு வெச்ச கொட்டாய் சும்மாதான் கெடக்குது. எலிகளுக்குப் பாடம் எடுக்க முடியுமான்னு பாருங் டீச்சர்” என்றாள். காவேரி தாயோடு அங்கே போனாள். எலிகள் கிளம்பின; மலைக்காரப் பிள்ளைகள் வந்தார்கள். பழைய எஸ்டேட்டிலிருந்து சிலர் காட்டுத் தடத்தில் நடந்தும் வந்தார்கள். காளியாயி அவர்களில் ஒருத்தி. சம்பளம் என்று தானியமும் வாழைக்காயும் வந்தன.

எஸ்டேட் சும்மா இருக்கவில்லை. அடுத்த பழக் காலத்தில் குலுக்கலை விட்டுவிட்டு, ஆழமான புதுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தது. பெண்கள் பழைய பெட்டியால் ஒரு பெட்டித் தண்ணீர் மொண்டு அதில் ஊற்றி, அது விளிம்பை எட்டாததைப் பார்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அந்தப் பெட்டி பிற்பாடு கோழி அடைக்கப் பயன்பட்டது என்பார்கள். சண்டை அத்தோடு முடியவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு விளிம்பில் யாராவது கை வைக்க வேண்டியிருந்தது.

பொன்னுவேல் சொன்னபடியே மேலே சொல்லியிருந்தார். பள்ளிக்கு ஸ்பிரிட் வாங்க அனுமதி கேட்டுக் காவேரி சேலத்துக்கு நடையாக நடந்தாள். எதற்கு என்று கேட்ட ஒவ்வொரு மேசையிலும், “தண்ணியில கலக்க” என்று குரலை இறக்காமல் பதில் சொன்னாள். சிரித்தவர்கள் சிரித்து ஓய்ந்தபோதும் அவள் அங்கேயே நின்றாள். கடைசியில் முத்திரை விழுந்தது.

அதன் பிறகு மஞ்சக்குட்டைக் கொட்டாயில் ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடம் நடந்தது. ஐம்பது தண்ணீரோடு ஐம்பது தண்ணீர். ஐம்பது ஸ்பிரிட்டோடு ஐம்பது தண்ணீர். அந்த நாளுக்கு மட்டும் அருக்காணி காட்டு வேலைக்குப் போகமாட்டாள். வாசலில் வந்து நின்றுகொள்வாள். மட்டம் நூறுக்குக் கீழே நின்றதும் பிள்ளைகள் மேசையைத் தடவுவார்கள், தரையைப் பார்ப்பார்கள், டீச்சரின் வாயைச் சந்தேகமாகப் பார்ப்பார்கள், தாங்களே மறுபடி அளப்பார்கள். எல்லாம் ஆன பிறகு வாசலிலிருந்து கிழவியின் அதட்டல் வரும்.

“எவ எடுத்தா?”

“ஒருத்தரும் எடுக்கலீங்!” என்று கொட்டாய் அதிரும்.

“இன்னொருக்காச் சொல்லுங்க” என்பாள் அருக்காணி, இடுப்பில் கை வைத்து, கொட்டச்சேடு இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு.